பங்களா அருவியில் தண்ணீர் பார்த்தவர்

போன செவ்வாய்க்கிழமை என் டாக்சியில் ஏறிய சாத்தூர்க்காரர்கள் ஐந்து பேரும் ஈரத்துணியோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டியிருக்கிறார். மலையில் மழை, தண்ணீர் நிறம் மாறிவிட்டதாம். அவர்களைத் தென்காசி ரயிலடியில் இறக்கிவிட்டு, சீட்டைத் துடைக்கக் கதவைத் திறந்தேன். செம்மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. துடைக்காமல் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பக்கத்து வண்டிக்காரர், "என்ன அண்ணாச்சி, தல சுத்துதா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். எனக்குச் சமயத்தில் வாய் வராது. வரக்கூடியவனாக இருந்திருந்தால் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வாடை எனக்குப் பழக்கமானது. இருபத்தி நான்கு வயதில் நான் ஓட்டிய ஆஸ்டின் காரின் தோல் சீட்டில், சாரல் மாதங்கள் முழுக்க அது இருக்கும். சாம்பிராணி போட்டாலும் போகாது. செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்குச் சொந்த ஊர் பண்பொழி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோனது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரியில் வண்டி பழகினேன். குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு டிரைவர் வேண்டும், அதிகம் பேசாதவனாக இருக்கவேண்டும் என்றார்கள். அதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு உலகத்தில் கிடையாது.

அந்த அம்மாவைத் துரைசாணி என்போம். அறுபது வயதுக்கு மேல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தாத்தா மலையில் கிராம்பும் காப்பியும் போட்டவர். பங்களாவும் அவர் கட்டியதுதான். துரைசாணி அங்கேயே பிறந்து வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஏன் நிக்க, உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றார். குரல் வெள்ளைக்காரக் குரல், வார்த்தை பக்கத்து ஊர் மேலகரத்து வார்த்தை. நான் பயந்துபோய் வெயிலிலேயே நின்றேன்.

சமையல்காரர் மீரான் பாய். புளியங்குடி எலுமிச்சையைத் தோலோடு வேகவைத்து, சீனி போட்டு, ஜாம் மாதிரி ஒன்று கிளறுவார். துரைசாணிக்கு அது தினமும் வேண்டும். கசக்கும். மிச்சம் எங்களுக்கு வரும். "இந்தக் கசப்பத் தின்னுதாம்லே இவுக நம்மள ஆண்டிருக்காவ" என்பார் பாய். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊமையன் என்பார். "ஊமையா, காப்பி வேணுமா? வேணும்னா தலைய ஆட்டு, வேண்டாம்னாலும் ஆட்டு, நான் புரிஞ்சிக்கிடுதேன்."

அந்த வீட்டில் ஞானமுத்து என்று ஒருவர் இருந்தார். துரைசாணி வயதுதான். கறுத்து மெலிந்த, உயரமான மனிதர். இருவரையும் வளர்த்தது ஞானமுத்துவின் அம்மா. துரைசாணி பேசிய தமிழ் அந்த அம்மாளிடமிருந்து வந்தது. ஆனால் துரைசாணி ஒரு அறையில் இருந்தால் ஞானமுத்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிற்பார். திரும்பிப் போகும்போது முதுகைக் காட்டாமல் நான்கு அடி பின்னாலேயே நடந்து, பிறகுதான் திரும்புவார். அப்படி நடக்கச் சொன்னவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். கால்கள் மட்டும் மறக்கவில்லை.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பங்களாவில் எல்லாரும் பெயர் சொல்லி, 'நீ, வா, போ' என்றார்கள். என் அப்பாவைவிட மூத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அண்ணாச்சி என்றால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்றும் கூச்சம். அதனால் கூப்பிடாமலே பேசினேன். பக்கத்தில் போய் நிற்பேன், அவராகத் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய கதையை மீரான் பாய்தான் முதலில் சொன்னார். பிறகு ஞானமுத்துவும் சொன்னார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது. அவருடைய தாத்தா சிறுபிள்ளையாக இருந்தபோது, செங்கோட்டைப் பக்கத்து நிலக்காரர் ஒருவரிடம் தாயும் பிள்ளையுமாக அடிமைகள். நிலத்தோடு சேர்த்து ஓலை எழுதி விற்பார்களாம். துரைசாணியின் தாத்தா அந்த இருவரையும் வாங்கியிருக்கிறார். வாங்கிய அன்றைக்கே, எல்லாரும் பார்க்க, ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இனி நீங்கள் யாருக்கும் அடிமை இல்லை, போங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

"நல்ல மனுசன்தான். போன்னு சொன்னாரு. எங்கன போக?" என்றார் ஞானமுத்து.

போகவில்லை. பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில் வீடு கொடுத்தார்கள். வேதக்கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சம்பளம், துணி, மருந்து எதற்கும் குறைவில்லை. இந்த இடம்வரைக்கும் கேட்டால் நல்ல கதை மாதிரித்தான் இருக்கும்.

பங்களாவுக்கு மேலே, கார் போகிற பாதை முடியும் இடத்தில் ஒரு சின்ன அருவி இருந்தது. ஜனங்கள் வராத இடம். பங்களா அருவி என்போம். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அங்கேதான் குளிப்பார்கள். சாரல் காலத்தில் அருவி தண்ணீரை மட்டும் கொண்டுவராது. கல் வரும், கட்டை வரும். ஒருமுறை, ஓலையைக் கிழித்த அந்தத் துரையின் மனைவி குளிக்கப் போனபோது கல் விழுந்து தோளில் அடிபட்டதாம். மறுநாள் அவர் போக பயந்து நின்றபோது, ஓலை கிழிக்கப்பட்ட அந்தப் பிள்ளை, அப்போது இருபது வயது ஆள், தானாகவே போய் அருவிக்குக் கீழே நின்றிருக்கிறான். கொஞ்ச நேரம் நின்று, "ஒண்ணும் இல்லம்மா, வாங்க" என்றிருக்கிறான்.

"அவரா போய் நின்னதுதான் தம்பி. ஒருத்தரும் சொல்லல. நன்றிக்காக ஒரு தடவ நின்னாரு. அதுக்கப்புறம் அது எங்க வேலையாயிட்டு" என்றார் ஞானமுத்து.

அதற்குத் தண்ணீர் பார்ப்பது என்று பெயர். தாத்தா பார்த்தார். அப்பா பார்த்தார். அப்பாவுக்கு ஒரு வருஷம் கட்டை விழுந்து இடுப்பு ஒடிந்தது. பிறகு சாகும்வரை படுக்கைதான். அடுத்த நாள் காலையில் ஞானமுத்து போய் நின்றார். அன்று அவருக்குப் பதினெட்டு வயது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பது வருஷத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தார். முதுகிலும் உச்சந்தலையிலும் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள் இருந்தன.

முதல் தடவை அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துரைசாணிக்கு வாதம், அருவித்தண்ணீரில் நின்றால்தான் கால் மடங்கும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஞானமுத்து, தண்ணி பாரு" என்றார். அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். பாறையில் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு இருந்தது. அதில் ஏறி, எங்கள் பக்கம் திரும்பி, முகத்தை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணி கோயில் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். நான்கு சரணம். பாட்டு முடிந்ததும் ஞானமுத்து வெளியே வந்து, "வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பாட்டு நல்ல ராகம். இப்போதும் எங்காவது கோயில் ஸ்பீக்கரில் கேட்டால் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

ஞானமுத்துவின் மகன் தேவதாஸ் என் வயதுக்காரன். பங்களாத் தோட்டத்தில் வேலை. அப்பாவுக்கு நேர்மாறு, வாய் ஓயாது. "ஏலே டிரைவரே, ஒனக்கு வாய் இருக்கா, இல்ல ஹாரன் மட்டும்தானா?" என்பான். கார் ஷெட்டில் பீடி குடித்துக்கொண்டு, "இவரு நின்னா நின்னுட்டுப் போறாரு. என்னயக் கூப்பிடட்டும், மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன், பாத்துக்கோ" என்று பலமுறை சொல்லியிருக்கிறான். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். நம்பியும் இருந்தேன்.

அந்த வருஷம் பங்களாவை விற்க ஏற்பாடாகிவிட்டது. ஆவணியில் துரைசாணிக்குப் பம்பாயில் கப்பல். வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் காரைப் பின்னால் எடுத்து ஷெட்டில் விட்டுக்கொண்டிருந்தேன். ஞானமுத்து வழியில் முதுகு காட்டி நின்றிருந்தார். ஹாரன் அடித்தேன். நகரவில்லை. மறுபடி அடித்தேன். மரத்திலிருந்த காக்காய்கள் எல்லாம் எழும்பிப் போயின, அவர் அசையவில்லை. கார் அவர் காலைத் தொட்டபிறகுதான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உதட்டில் விரலை வைத்தார்.

"அம்மாட்ட சொல்லிராதீய தம்பி."

நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

"சித்திரையில இருந்து. எடது சுத்தமா இல்ல. வலதுல கிட்ட வந்து கத்துனா கேக்கும்."

தண்ணீர் பார்ப்பவருக்குக் காதுதான் முக்கியம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே எங்காவது கட்டையும் குப்பையும் சேர்ந்து ஓடையை அடைத்துக்கொண்டால், கீழே அருவியின் சத்தம் கொஞ்ச நேரம் மெலியும். அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒன்றாக வரும். "சத்தம் கூடினா பயமில்ல தம்பி. மெலிஞ்சா வெளிய வந்துரணும்." இனி அவருக்கு அது மெலிந்தாலும் தெரியாது.

"அப்ப விட்டுருங்க" என்றேன், அவர் காதருகே.

"விட்டா அடுத்தாப்பில யாரு?" என்றார். "அம்மா எம் மவனக் கேப்பாவ. அவன் சரின்னுருவான்."

"அவன் மாட்டேன்னுல்லா சொல்லுதான்."

ஞானமுத்து சிரித்தார். "ஒங்கள்ட்ட சொல்லுவான். எங்க வீட்ல அவுகள்ட்ட அந்தச் சொல்ல ஒருத்தரும் சொன்னதில்ல தம்பி. எங்கப்பா சொல்லல. நான் சொல்லல. இந்த ஒரு சாரல் கழிஞ்சிட்டா அம்மா கப்பலேறிருவாவ. அவன் யாருக்கும் தண்ணி பாக்க வேண்டாம். என்னோட போயிரும்."

அப்படித்தான் எங்களுக்குள் ஏற்பாடானது. அவர் அருவியில் நிற்கும்போது நான் எதிர்ப்பாறையில் நிற்கவேண்டும். சத்தம் மெலிந்தால் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து உதறவேண்டும். அவர் நடுநடுவே கண்ணைத் திறந்து என் துண்டையும், பாட்டு முடிந்ததா என்று துரைசாணியின் வாயையும் பார்த்துக்கொள்வார். துண்டு தோளில் இருந்தால் நிற்பார். கையில் இருந்தால் வந்துவிடுவார். மகனிடம்கூட இதைச் சொல்லவேண்டாம் என்றார்.

ஆனி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தூக்கம்தான் போயிற்று. இரவில் படுத்தால் அருவிச் சத்தம் காதுக்குள் மெலிந்துகொண்டே போகும், எழுந்து உட்காருவேன். பண்பொழிக்குப் போய் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். மீரான் பாய், "ஊமையனுக்குப் பொண்ணு பாக்கணும், ஆளு எளைச்சிட்டான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடியில் ஒரு காலை. பங்களாவில் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் தெரியவில்லை, மேகம் கறுத்து இறங்கியிருந்தது. அருவிக்குப் போகிற பாதையில் ஒரு குரங்குகூட இல்லை. தேவதாஸ் நாற்காலியும் துவாலையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். துரைசாணி உட்கார்ந்தார். "தண்ணி பாரு" என்றார். ஞானமுத்து திட்டில் ஏறினார். நான் என் பாறையில் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது.

மூன்றாவது சரணத்தில் துரைசாணியின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. அதுவரை அருவிச் சத்தத்தில் அரைகுறையாகத்தான் கேட்டிருந்தது. அவர் உரக்கப் பாடுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் குரல் கூடவில்லை. மற்றது குறைந்திருக்கிறது.

துண்டின்மேல் கை போனது. அப்போது துரைசாணி தற்செயலாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதறினால் என்ன என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்? ஒன்றுமில்லாமல் போய்விட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். இரண்டு மாதம் காத்தது வீணாகிவிடும். நிஜமாகவே மெலிந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? ஒரு வரி முடியட்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், வேறு எதுவும் இல்லை.

ஞானமுத்துவின் தலையில் சின்னக் கல் ஒன்று விழுந்து தெறித்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். துண்டு என் தோளில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. சிவப்பாக ஒரு சுவர் வந்தது. தேவதாஸ் நாற்காலியைத் தாண்டிக் குதித்து ஓடியதைப் பார்த்தேன். அவன் உள்ளே போய் அப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அடிமரம் வந்து ஞானமுத்துவின் நெஞ்சில் இடித்தது. இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள். தேவதாஸுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

துரைசாணி தம் துவாலையைக் கிழித்து, தம் கையாலேயே கட்டுப்போட்டார். கண்ணில் தண்ணீர். நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஞானமுத்துவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஒனக்கு வயசாயிட்டு ஞானமுத்து, நான்தான் கவனிக்கல" என்றார். பிறகு நிமிர்ந்து தேவதாஸைப் பார்த்தார். அவன் தலையிலிருந்து சேறும் தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு தைரியமா உள்ள போனான், பாரு. தேவதாஸ், இனிமே நீ தண்ணி பாக்கியா?"

தேவதாஸ் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, "சரிம்மா" என்றான்.

அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஞானமுத்துவின் தலையை அவன் மடியில் வைத்து, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினேன். மேலகரம் தாண்டும்போது பெரியவர் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அம்மா இவன்ட்ட என்னமோ கேட்டாவளே. வாய் அசைஞ்சது. இவன் என்ன சொன்னான்?"

தேவதாஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். திரும்பி, அவர் வலது காதருகே குனிந்து, என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் கத்தாத அளவுக்குக் கத்தினேன்.

"தண்ணி பாக்கியான்னு கேட்டாவ அண்ணாச்சி. மாட்டேன்னு சொல்லிட்டான்."

அவர் மகனின் முகத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா கோவப்பட்டாவளா?"

"இல்ல. சரின்னுட்டாவ."

"அவ்வளவுதானா?" என்றார். பிறகு, "அப்ப எங்கப்பாவும் சொல்லிருக்கலாம் போலயே" என்றார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். துரைசாணி கறுப்பு உடுத்தி, குடை பிடிக்காமல் மழையில் கல்லறைவரை நடந்தே வந்தார். ஒரு வாரம் அருவிக்குப் போகவில்லை. பிறகு கால் மடங்கவில்லை என்றார். தேவதாஸ் ஒன்பது நாள் தண்ணீர் பார்த்தான். அப்பா நின்ற அதே திட்டு, அதே பாட்டு. ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. அந்த ஒன்பது நாளும் அவன் யாரையும் கேலி செய்யவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. நான் எதிர்ப்பாறைக்குப் போகாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

துரைசாணியைக் கப்பலுக்கு அனுப்பிய மறுவாரம் தேவதாஸ் கொல்லத்துக்கு ரயிலேறினான். நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். வண்டி புறப்படும்போது ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"ஏலே, அன்னிக்கு கார்ல சொன்னியே. நான் நெசமாவே அப்படிச் சொல்லிருந்தா, அவ சரின்னுதான் சொல்லிருப்பாளோ?"

"சொல்லிருப்பாவ."

"ஒனக்கு எப்படிலே தெரியும்?"

வண்டி போய்விட்டது. அவனிடமிருந்து கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். ஆஸ்டின் நின்ற ஷெட் இப்போது சாப்பாட்டு மண்டபம். ஓடைக்கரை வீடுகள் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. மேலே தோட்டக்காரர்கள் ஓடையை மறித்துக்கொண்டதால் பங்களா அருவி என்று ஒன்று கிடையாது, நல்ல சாரலில்கூடப் பாறை கொஞ்சம் நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். மீரான் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். துரைசாணி எந்த ஊரில் எப்போது இறந்தார் என்று சொல்ல ஆளில்லை. ஞானமுத்துவைப் புதைத்த இடத்தில் சிலுவை நட்டிருந்தோம். மரச்சிலுவை, அதுவும் இல்லை. தண்ணீர் பார்க்க ஒரு குடும்பம் இருந்தது என்று சொன்னால் லாட்ஜ்காரர் சிரிக்கிறார். துண்டு என் தோளிலேயே கிடந்ததைப் பார்த்தவர் ஞானமுத்து ஒருவர்தான். மூன்று நாள் நினைவோடு கிடந்தார், பேசினார், கஞ்சி குடித்தார், மகன் பக்கத்திலேயே இருந்தான். அதை மட்டும் அவனிடம் சொல்லாமலே போய்விட்டார்.